ஏசிடிஎச் ரத்தம் வேனில் மலை இறங்கினால் ரிசல்ட்டை நம்பலாமா?

வண்டிப்பெரியாறுக்காரன்:
அம்மாவுக்கு மூன்று மாதமாக ஓயாத சோர்வு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. தேயிலைக் கொழுந்து கிள்ளி மேடு பள்ளமெல்லாம் ஏறியவர், இப்போது லயத்து வீட்டுப் படியே ஏற முடியவில்லை. காலை 8 மணிக்கு இங்குள்ள கலெக்‌ஷன் சென்டரில் கார்டிசோல் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்), ஏசிடிஎச் (அதைச் சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்), தைராய்டு எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். மதியம் ரசீது வாங்கப் போனேன், டியூப்கள் மேசை மேலேயே நின்றன. வேன் வந்தது நாலு மணிக்கு. குமுளி இறங்கி, கம்பம் வழியாக மதுரை. தைராய்டு சரி. கார்டிசோல் குறைவு, ஏசிடிஎச்சும் குறைவு. பிட்யூட்டரி கோளாறாக இருக்கலாம், தலைக்கு எம்ஆர்ஐ எடுங்கள் என்கிறார் டாக்டர்.

கம்பம் லேப்காரர்:
தம்பி, அந்த ஏசிடிஎச்சை நம்பாதீர்கள். ரத்தத்தில் உள்ள நொதிகளே அதை அரித்துவிடும். ஊதா மூடி பிளாஸ்டிக் டியூபில் எடுத்து (கண்ணாடி என்றால் ஒட்டிக்கொள்ளும்), உடனே ஐஸில் வைத்து, குளிரிலேயே மெஷினில் சுழற்றி, பிளாஸ்மாவை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பிரித்து உறைய வைக்க வேண்டும். தைராய்டும் கார்டிசோலும் அப்படியில்லை, ஒரு நாள் தாங்கும். ஆக, கார்டிசோல் குறைவு என்பது நிஜமாகவே இருக்கலாம். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியே பழுதானால் ஏசிடிஎச் எகிறும். எகிறியது மேசையில் கரைந்துபோனால், பழுது தலையில் இருப்பதாகத் தோன்றும்!

அம்மாவுக்கு ஈறு, கைரேகை கறுத்திருக்கிறதா? ஏசிடிஎச் எகிறினால் அப்படிக் கறுக்கும். மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா? சாப்பிட்டால் இரண்டுமே குறையும். ஆனால் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. ரத்தத்தை அனுப்பாமல், லேப் இருக்கும் இடத்துக்கு அம்மாவையே கூட்டிப் போங்கள். வாந்தி, மயக்கம் வந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செங்கோட்டை வாத்தியார்:
எல்லாவற்றையும் ஐஸில் போடச் சொல்லிவிடாதீர்கள் அண்ணே. என் ரெனின் (ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள நொதி) டெஸ்டுக்கு அப்படிச் செய்து கெடுத்தார்கள். குளிரில் ரெனினின் முன்வடிவமான புரோரெனின் வேலை செய்யத் தொடங்கி, அளவு கூடுதலாகக் காட்டுமாம்.

வண்டிப்பெரியாறுக்காரன்:
மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. கை கறுப்பைக் கொழுந்துக் கறை என்றே நினைத்திருந்தோம். ஆனால் அம்மா வேலையை விட்டே ஒரு வருடம் ஆகிறது. இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன், ஈறும் கறுத்திருக்கிறது. ராத்திரியே தேனியில் சித்தி வீட்டுக்கு இறங்குகிறோம், காலையில் க.விலக்கு மெடிக்கல் காலேஜ்.