டப்பாவில் கை விட்டு எடுத்த 50: நம்பிக்கை இடைவெளி பாடத்தில் எங்களுக்கு நடந்தவை

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை:

நம்பிக்கை இடைவெளி என்பது, மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு சிறு பகுதியை (கூறு) மட்டும் பார்த்து, மொத்தத்தின் விகிதம் எந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கும் என்று மதிப்பிடுவது. அதைப் பள்ளியில் நடத்தியவர்களும் படித்தவர்களும் அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

சூத்திரத்தைப் பலகையில் எழுதினால் என் பிளஸ் டூ பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிடுவார்கள். கூறில் கிடைத்த விகிதத்தை, ஒன்றில் அது போக மீதியோடு பெருக்கி, கூறின் அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 95 சதவீத இடைவெளிக்கு 1.96 ஆல் பெருக்க வேண்டும். அதைக் கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. விடை பிசகாது. ஆனால் "இதில் 95 சதவீதம் என்பது எதைச் சொல்கிறது?" என்று கேட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும்.

அதனால் சில வருடங்களுக்கு முன் ஒரு காரியம் செய்தேன். நானும் என் மாமியாருமாக ராத்திரி உட்கார்ந்து 600 வெள்ளைக் கொண்டைக்கடலையும் 1,400 கறுப்புக் கொண்டைக்கடலையும் எண்ணி ஒரு டப்பாவில் போட்டோம். வெள்ளை 30 சதவீதம். அது எனக்கு மட்டும் தெரியும். வகுப்பில் 40 பேர். ஒவ்வொருவரும் டப்பாவை நன்றாக ஆட்டி, மேலாக ஒரு கரண்டி அள்ளி, பார்க்காமல் 50 கடலை எண்ணி, வெள்ளை எத்தனை என்று குறித்து, இடைவெளி போட்டு, கடலையைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். நூற்றுக்கு 95 என்ற கணக்கில், 40 இடைவெளிகளில் 38 வாக்கிலாவது 30-ஐப் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் பிடிக்கவில்லை! பலருக்கு 22, 25, 27 என்று வெள்ளை வந்திருந்தது. தவறிய எல்லா இடைவெளியும் 30-க்கு மேலேயே நின்றது. கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன், தப்பே இல்லை.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்தான் கண்டுபிடித்தான். "மிஸ், வெள்ளைக் கடலை பெருசு. ஆட்ட ஆட்ட அது மேலே வருது, சின்னது கீழே இறங்குது." எட்டிப் பார்த்தால் மேலே வெள்ளையாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பாடம் நடத்தியது அவன்தான் என்று இன்றும் சொல்வேன்.

அடுத்த வருடம் ஒரே அளவில் இரண்டு நிறப் பாசிமணி வாங்கினேன். அதே 600, 1,400. இந்த முறை 37 இடைவெளிகள் 30-ஐப் பிடித்தன, மூன்று தவறின. தவறியவர்களில் ஒரு மாணவிக்கு 50-க்கு 8 தான் வந்தது. 16 சதவீதம், இடைவெளி ஏறக்குறைய 6 முதல் 26 வரை. அவள் கண் கலங்கி, "நான் தப்பா எண்ணிட்டேன் போல, மறுபடி எடுக்கட்டுமா மிஸ்?" என்று கேட்டாள். நான் விடவில்லை. அவள் எதையும் தவறாகச் செய்யவில்லை, நூற்றில் ஐந்து தவறும் என்று சூத்திரமே சொல்லிவிட்டுத்தானே தொடங்குகிறது. அதை அந்தப் பிள்ளைக்குப் புரியவைக்க முழு பீரியட் ஆனது.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அப்பா:

டீச்சர், உங்கள் கடலை விஷயத்தைப் படித்ததும் என் மகனிடம் ஓடினேன். அவன் இங்கே ஏபி ஸ்டாடிஸ்டிக்ஸ் (உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் புள்ளியியல் பாடம்) படிக்கிறான். போன மாதம் ஒரு தேர்வில், "உண்மையான விகிதம் 0.41-க்கும் 0.53-க்கும் இடையே இருக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு" என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. எனக்கே கோபம்தான். இதில் என்ன தப்பு என்று ராத்திரி முழுக்க அவனோடு வாதாடினேன். உங்கள் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது: டப்பாவில் இருப்பது 30 என்றால் அது 30-தான், அசையாது. அசைவது நாம் போடும் இடைவெளி. 95 என்பது முறைக்கான எண், கையில் இருக்கும் ஒற்றை இடைவெளிக்கானது அல்ல. உங்கள் மாணவியின் 6 முதல் 26 என்ற இடைவெளிக்குள் 30 இருக்க வாய்ப்பு ஏது?

இங்கே கணக்குக்கு முன் மூன்று நிபந்தனைகளை எழுதச் சொல்கிறார்கள். கூறு சமவாய்ப்பில் எடுத்ததா? முழுமைத் தொகுதியில் (கூறு எடுக்கும் மொத்தக் கூட்டம்) பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா? "ஆம்" குறைந்தது 10, "இல்லை" குறைந்தது 10 இருக்கிறதா? முதல் நிபந்தனையைப் பிள்ளைகள் சடங்குபோல எழுதிவிட்டுப் போகிறார்கள். உங்கள் டப்பா கவிழ்ந்தது அதில்தான்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலிலும் அதேதான் நடந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அட்டை அனுப்பி, சுமார் 24 லட்சம் பதில்களை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. 24 லட்சத்தைச் சூத்திரத்தில் போட்டால் பிழை 0.06 சதவீதம்தான் வரும். ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளோடு 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து முகவரி எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். போதாததற்குப் பதில் போட்டவர்கள் நாலில் ஒருவர்தான். பெரிய கடலை மேலே வந்து நின்ற கதைதான் இது.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி:

என்னுடையது சின்ன அனுபவம். பள்ளியில் இடக்கைப் பழக்கம் பற்றி ஒரு செயல்திட்டம். 30 பேரைக் கேட்டேன், ஒருவரும் இல்லை. சூத்திரத்தில் போட்டால் 0 முதல் 0 வரை! உலகத்தில் இடக்கைக்காரரே இல்லை என்கிற மாதிரி. என் அத்தையே இடக்கைக்காரர். அப்புறம்தான் தெரிந்தது, பூஜ்யம் வந்தால் 3-ஐக் கூறின் அளவால் வகுத்து மேல் எல்லையாக வைக்கலாம் என்று. 30 பேருக்கு அது 10 சதவீதம். எட்வின் வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1927-லேயே கொடுத்த இன்னொரு முறையில் கணக்கிட்டால் ஏறக்குறைய 11 வருகிறது. "ஆம் 10, இல்லை 10" நிபந்தனை எதற்கு என்று அன்றுதான் புரிந்தது.

கும்பகோணம் ஆசிரியை, மறுபடி:

மூன்று பேர் தனிச்செய்தியில் செய்முறை கேட்டதால் இங்கேயே சொல்கிறேன். ஒரே அளவு மணி முக்கியம். டப்பாவை ஆட்ட வேண்டாம், கையை அடிவரை விட்டுக் கிளறச் சொல்லுங்கள். ஒரு சார்ட் பேப்பரில் 30-க்கு நேராக ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ஒவ்வொருவரும் தன் இடைவெளியைப் படுக்கைக் கோடாக வரையட்டும். தவறியவற்றைச் சிவப்பு மையில் போடச் சொல்வேன். அந்த மாணவியின் சிவப்புக் கோடு உள்ள சார்ட் இன்னும் என் வகுப்புச் சுவரில் இருக்கிறது. அவள்தான் அதை ஒட்டினாள்.