லயனல் ஹாம்ப்டன் விக்டர் பதிவுகள்: எந்தத் தொகுப்பு வாங்கலாம்?

நண்பர்களே, வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) மேதை, ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் பழைய பதிவுகள் பற்றி ஒரு உதவி வேண்டும். 1936-லிருந்து பென்னி குட்மனின் நால்வர் குழுவில் டெடி வில்சன், ஜீன் க்ரூபாவோடு வாசித்தவை என்னிடம் இருக்கின்றன. நான் தேடுவது 1937 முதல் 1941 வரை விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக, மற்ற பெரிய குழுக்களிலிருந்து கிடைத்தவர்களைக் கூட்டிவந்து தன் பெயரில் அவர் பதிவு செய்தவை (1939 செப்டம்பரில் ஒரே அமர்வில் கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், சூ பெர்ரி மூன்று பேரும் சாக்ஸபோன், போதாததற்கு டிரம்பெட்டில் இளம் டிஸ்ஸி கில்லெஸ்பி வேறு, இப்படி ஒரு கூட்டம் யாருக்கு வாய்க்கும்!). எல்லாம் அடங்கிய சிடி தொகுப்பு எது நல்லது? இரைச்சலை எடுக்கிறேன் என்று வைப்ரஃபோனின் ரீங்காரத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்ட பதிப்பு வேண்டாம், கொஞ்சம் கரகரத்தாலும் பரவாயில்லை. அப்புறம், இல்லினாய் ஜாக்கேயின் சாக்ஸபோன் தனி வாசிப்போடு வரும் 1942 டெக்கா நிறுவனப் பதிவான 'ஃப்ளையிங் ஹோம்' தெளிவாக எதில் கிடைக்கும்?