பத்து மாத ஃபெலோஷிப்பில் புலனாய்வு நிருபர் உருவாவாரா?

(மேசைவிளக்கு, நேர்முகம், எண்கணக்கு: விவாதிக்கும் மூவரின் பெயர்கள்.)

மேசைவிளக்கு:
இதழியல் முடித்து ஓரிரு ஆண்டு வேலை பார்த்த நிருபர்களைப் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து எடுத்து, மூத்த எடிட்டரின் கீழ் ஒரே புலனாய்வில் உட்கார வைக்கும் ஃபெலோஷிப்தான் இளம் நிருபர்களுக்கு இன்று கிடைக்கக்கூடிய சிறந்த பயிற்சி என்பது என் தரப்பு. அமெரிக்காவில் இந்த வழி வேரூன்றிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே புலனாய்வு நடத்தும் மையங்களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டேபில் மையம் 2006-இல் வந்தது. அரிசோனா ஸ்டேட், மேரிலாந்து பல்கலைக்கழகங்களின் ஹோவர்ட் மையங்கள் 2019-இல்.

காரணம் எளிது. தினசரிச் செய்தியறையால் காத்திருக்க முடியாது. அமெரிக்க மத்திய அரசின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவுக்கு 20 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். அசாதாரணச் சூழல் என்று சொல்லி இன்னும் 10 வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் பல மாதம் இழுக்கும். மாலைக்குள் இரண்டு செய்தி கொடுத்தே ஆக வேண்டிய நிருபர் அந்த மனுவைத் துரத்திக்கொண்டே இருக்க முடியுமா?

நேர்முகம்:
அதே காலக்கணக்கை ஃபெலோஷிப்புக்கும் போட்டுப் பாருங்கள். செப்டம்பரில் சேர்கிறார், ஜூனில் கிளம்புகிறார். முதல் ஆறு வாரம் வகுப்பு. நவம்பரில் மனு போட்டால் பிப்ரவரியில் பாதிப் பக்கம் கறுப்படித்து மறைத்த காகிதம் வரும். மேல்முறையீடு முடியும்போது மே. எழுத ஒரு மாதம் மிஞ்சினால் அதிகம். கடைசியில், கைக்கு வந்த ஆவணத்தின் அளவுக்குச் செய்தியைச் சுருக்கிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. என்ன நடந்தது என்பதை ஆவணம் சொல்லும். யார் சொல்லி நடந்தது என்பதை அந்த அலுவலகத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்தான் சொல்வார். அவர் வாய் திறக்க வேண்டுமென்றால் ஏல அறிவிப்பு, குழுக் கூட்டம், நீதிமன்றப் பட்டியல் என்று சின்னச் சின்னச் செய்திக்காக நிருபர் அந்தப் படியை நூறு முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். அதைச் செய்தியறைதான் கற்றுத்தரும்.

மேசைவிளக்கு:
நீங்கள் சொல்லும் விபத்து நவம்பரில் மனு போடுவதால் வருகிறது. நன்றாக நடத்தும் திட்டத்தில், ஃபெலோக்கள் வருவதற்கு மூன்று மாதம் முன்பே எடிட்டர் இரண்டு மூன்று கருதுகோள்களைத் தேர்ந்து அடிப்படை மனுக்களைப் போட்டுவிட வேண்டும். சேர்ந்த பத்து நாளுக்குள் ஒவ்வொருவரும் ஐந்து மனுவாவது அனுப்ப வேண்டும். வகுப்பும் மனுவும் சேர்ந்தே ஓட வேண்டும்.

முதல் மனுவில் எதைக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எடுத்த எடுப்பில் ஆவணத்தைக் கேட்கக் கூடாது. அந்த அலுவலகம் எந்த ஆவணத்தை எத்தனை வருடம் வைத்திருக்கும் என்ற அட்டவணை, தரவுத்தளத்தில் என்னென்ன புலங்கள் (நெடுவரிசைகள்) உண்டு என்ற விளக்கம், ஊழியர் நிரப்பும் காலிப் படிவம், இந்த மூன்றையும் முதலில் வாங்க வேண்டும். இவற்றை மறுக்கக் காரணம் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். வந்தபிறகு அவர்கள் மொழியிலேயே கேட்கலாம். "சாலைப் பணி தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் அளவு மீறியது என்று திருப்பி அனுப்புவார்கள். "2021 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை கையெழுத்தான பராமரிப்பு ஒப்பந்தங்களின் பட்டியல், ஒப்பந்த எண், நிறுவனத்தின் பெயர், தொகை, கையெழுத்தான தேதி ஆகிய புலங்கள், சிஎஸ்வி கோப்பாக" என்று எழுதினால் தட்டிக்கழிக்க இடம் குறைவு. சிஎஸ்வி என்றால் புலங்களைக் காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு.

எழுத்தரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதற்காக வாரம் ஒரு முழு நாள் யாரும் மேசையில் உட்காரக் கூடாது என்று விதி வைக்க வேண்டும். அந்த நாள் நீதிமன்றப் பதிவறைக்கும், முன்னாள் ஊழியர்களைத் தேடிப் போவதற்கும். பணியில் இருப்பவரைவிட விலகியவர் எளிதாகப் பேசுவார்.

எண்கணக்கு:
இருவரும் தொடாத இடம் சரிபார்ப்பு. புதிய நிருபர்களின் புலனாய்வு உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக் கணக்கில் ஏறத்தாழ 16,000 கொரோனாத் தொற்றுகள் விடுபட்டது வெளியே வந்தது. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான், மீதி விழுந்துவிட்டது. அரசுத் துறைக்கே இப்படி என்றால், தரவைத் திறந்ததும் ஃபெலோ செய்ய வேண்டிய முதல் வேலை வரிசைகளை எண்ணுவது. அனுப்பியவரிடம் மொத்தம் எத்தனை என்று எழுத்தில் வாங்கி ஒப்பிட வேண்டும். அடுத்தது, சிஎஸ்வியை இருமுறை சொடுக்கித் திறக்காமல் இறக்குமதி வழியாக எடுத்து, அடையாள எண்களை உரையாகக் குறிக்க வேண்டும். இல்லையென்றால் 00417 என்ற எண் 417 ஆகிவிடும், இன்னொரு அட்டவணையோடு சேர்க்கும்போது பொருந்தாது. மூலக் கோப்பில் கைவைக்கவே கூடாது, பிரதியில் வேலை.

அதன்பின் கட்டுரையை வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். "மூன்று ஆண்டுகளில் 14 ஒப்பந்தங்கள் ஒரே நிறுவனத்துக்குப் போயின" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று ஆண்டு என்றால் நாட்காட்டி ஆண்டா, நிதியாண்டா? 14-இல் பழைய ஒப்பந்தத்தின் நீட்டிப்புகளும் சேர்ந்திருக்கின்றனவா? ஒரே நிறுவனம் என்பதைப் பெயரை வைத்துச் சொல்கிறோமா, பதிவு எண்ணை வைத்தா? போயின என்றால் ஒப்பந்தம் கிடைத்ததா, பணமே கைமாறியதா? ஏழு சொல்லில் நான்கு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆவணத்தின் பெயரும் பக்க எண்ணும் ஓரத்தில் இருக்க வேண்டும், எழுதாத இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதற்கு நாள்கணக்கில் ஆள் ஒதுக்க எத்தனை செய்தியறையால் முடியும்? இந்த ஒரு விஷயத்தில் நான் ஃபெலோஷிப் பக்கம்.

நேர்முகம்:
சரிபார்ப்பில் எனக்கு மறுப்பில்லை. என் பெரிய கவலை சட்டப் பாதுகாப்பு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி மாணவர்கள் ஒரு கொலை வழக்குத் தண்டனையை மறுபடி ஆராய்ந்தார்கள். 2009-இல் அரசு வழக்கறிஞர்கள் அவர்களுடைய குறிப்புகள், மின்னஞ்சல்கள், மதிப்பெண்கள் வரை கேட்டு அழைப்பாணை அனுப்பினார்கள். 2011-இல் நீதிபதி, மாணவர்கள் தண்டனை பெற்றவரின் வழக்கறிஞர்களுக்காக விசாரித்தவர்கள், எனவே நிருபருக்குரிய பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தார். நம்பிப் பேசியவர்களின் நிலை என்ன? அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இன்னொரு சிக்கல்: அதன் மின்னஞ்சல் பல மாநிலங்களில் அரசு ஆவணம். புலனாய்வுக்கு உள்ளாகிறவரே தகவல் உரிமை மனு போட்டு நிருபரின் கடிதங்களைக் கேட்கலாம்.

மேசைவிளக்கு:
அந்தத் தீர்ப்பிலிருந்து கற்க வேண்டியது, வழக்கறிஞர் தரப்போடு கோப்பைப் பகிரக் கூடாது என்பது. மறுபக்கமும் பாருங்கள். 2019-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி புலனாய்வுத் திட்ட நிருபர்கள், குற்றத் தண்டனை பெற்ற காவலர்களும் காவல் பணிக்கு விண்ணப்பித்தவர்களும் அடங்கிய ஏறத்தாழ 12,000 பெயர்ப் பட்டியலை மனு போட்டு வாங்கினார்கள். வைத்திருப்பதே குற்றம், அழித்துவிடுங்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் எழுதியது. அவர்கள் அழிக்கவில்லை, செய்தி வெளியானது.

அதனால் ஃபெலோ கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் சில வரிகள் கட்டாயம் வேண்டும். வழக்கு வந்தால் செலவு யாருடையது, அது ஃபெலோஷிப் முடிந்த பிறகும் தொடருமா. குறிப்புகள் யார் சொத்து. வெளியிடும் முடிவு எடிட்டருடையது, நிர்வாகத்துக்கு அதில் இடமில்லை. மூலங்களோடு, அதாவது தகவல் தருபவர்களோடு, பேசப் பல்கலைக்கழக மின்னஞ்சல் கூடாது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்டுப் புலனாய்வை நிறுத்திவைக்கும் நிர்வாகங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் 2019 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதி இதழியலை 'ஆய்வு' என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. அந்தப் பிரிவின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

நேர்முகம்:
இந்த வரிகள் இருக்கும் திட்டத்தை எதிர்க்க மாட்டேன். ஆனால் ஜூனில் அவர் கிளம்பும்போது அந்த எழுத்தரை என்ன செய்வது? எழுத்தர் நம்பியது ஒரு மனிதரை, மையத்தை அல்ல. பெயரைக் கோப்பில் எழுதி அடுத்தவரிடம் கொடுப்பது துரோகம்.

எண்கணக்கு:
பெயரைக் கொடுக்கக் கூடாது. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொரு மூலத்திடமும் நேரில் கேட்க வேண்டும்: "நான் போகிறேன், இன்னொருவரை அழைத்து வரட்டுமா?" சரி என்றவரை மட்டும் கூடவே போய் அறிமுகப்படுத்த வேண்டும். வேண்டாம் என்றவரின் எண் ஃபெலோவோடு போகட்டும். ஆவணங்களும், நிலுவை மனுக்களின் பட்டியலும், ஒவ்வொன்றின் மேல்முறையீட்டுக் கடைசித் தேதியும் மையத்தில் இருக்கட்டும்.

நேர்முகம்:
அந்த ஆறு வாரத்தையும் சம்பளத்தோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடைசி மாதம் கட்டுரை முடிக்கும் அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.