மறு: சுஹாண்டன்ஹைட் – தயார்நிலையா, கையிருப்பா, கைவாகா?

பேராசிரியர் ஐயாவுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கரின் 'ஸைன் உண்ட் ட்ஸைட்' (ஆங்கிலத்தில் 'பீயிங் அண்ட் டைம்') நூலைத் தமிழில் பெயர்க்கும் நம் குழுவின் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. குறிப்பை இன்று காலைதான் படித்தேன்.

> சுஹாண்டன்ஹைட் = தயார்நிலை, ஃபோர்ஹாண்டன்ஹைட் = முன்னிலை, டாஸைன் = இருப்பு. இப்படியே வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

தயவுசெய்து இப்போதே போய்விட வேண்டாம். முதலாவது, வேலையில் கையாளும்போது கருவி இருக்கும் விதம்; இரண்டாவது, ஒன்று வெறும் பொருளாக எதிரே உள்ள விதம்; மூன்றாவது, மனிதர் இருக்கும் விதத்துக்கு ஹைடெக்கர் வைத்த பெயர். இந்த மூன்றில் தவறினால் ஹைடெக்கர் 1927இல் எதற்காக அந்தப் புத்தகத்தை எழுதினாரோ அதுவே கைநழுவிவிடும்.

'தயார்நிலை' 1962ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பின் 'ரெடி'யிலிருந்து வந்தது. ஜெர்மன் சொல்லில் 'ரெடி' கிடையாது, கைதான் ('ஹாண்ட்') இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்குத் தயார்நிலை என்றால் ஐப்பசி, கார்த்திகைச் செய்திதான் காதில் விழும்: மீட்புப் படை தயார்நிலை, படகுகள் தயார்நிலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டோம்! அதில் வேலை இன்னும் தொடங்கவில்லை. ஹைடெக்கர் பேசுவதோ வேலை நடந்துகொண்டிருக்கும்போது கருவி எப்படி இருக்கிறது என்பதை. 'முன்னிலை' இலக்கணத்தில் நீ, நீங்கள் என்பதற்குப் போய்விட்ட சொல். அதை இனித் திருப்பி வாங்க முடியாது.

சுஹாண்டன்ஹைட்டுக்கு நம் குழுவின் அக்கா எழுதிய 'கையிருப்பு' எனக்குப் பிடித்திருந்தது. கையும் இருக்கிறது, இருப்பும் இருக்கிறது. ஆனால் அது கணக்குப் புத்தகச் சொல். கடையில் எத்தனை மூட்டை, பெட்டியில் எவ்வளவு பணம் என்று எண்ணிப் பார்த்துச் சொல்வது. அன்றாட ஜெர்மனில் 'ஃபோர்ஹாண்டன்' என்பதும் ஏறக்குறைய அதுதான்: உள்ளது, கிடைக்கும். ஆக அக்காவின் சொல் எதிர்ச்சொல்லான ஃபோர்ஹாண்டன்ஹைட்டின் பக்கம் சாய்கிறது.

போன வாரம் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு பெரியவர் கிழிந்த நரம்பு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நூல் சுற்றிய ஊசி. கண்ணிக்குள் நுழைந்து, முடிச்சாகி, இறுகி, அடுத்த கண்ணிக்குப் போய்க்கொண்டே இருந்தது. "இந்த ஊசி எவ்வளவு நாளா வச்சிருக்கீங்கய்யா?" என்று கேட்டேன். "எந்த ஊசி?" என்றார். பிறகுதான் தன் கையைப் பார்த்தார். அவர் கண் அதுவரை கண்ணியிலேயே இருந்தது. ஊசி அவருக்கு ஒரு பொருளாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊசியின் நாக்கு முறிந்தது. அப்போதுதான் அதை முகத்துக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் புது ஊசி கொடுத்தார். நாலு முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இது கைக்கு வாகா இல்ல தம்பி."

ஹைடெக்கர் கருவியைப் பற்றிப் பேசும் 15, 16ஆம் பகுதிகள் முழுவதையும் அந்தத் துறைமுகத்தில் கண்டதுபோல இருந்தது. சுத்தியலை எவ்வளவு குறைவாக உற்றுப் பார்த்து எவ்வளவு அதிகமாக எடுத்து அடிக்கிறோமோ, அவ்வளவுக்கு அது சுத்தியலாக இருக்கிறது. உடைந்தால்தான் வெறும் பொருளாக எதிரே வந்து நிற்கிறது. என் முன்மொழிவு அந்தப் பெரியவர் வாயிலிருந்து வந்ததுதான்: சுஹாண்டன்ஹைட் = கைவாகு.

ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. ஹைடெக்கர் காற்றையும் சேர்க்கிறார், பாயில் பிடிக்கும் காற்று. காற்றைக் கையில் பிடிக்க முடியுமா? ஆனால் தமிழில் கை எப்போதோ நீண்டுவிட்டது. "இந்த வருசம் மழை கைகொடுத்துச்சு" என்கிறோம். படகுக்காரர் "காத்து வாகா இருக்கு" என்றால் யாரும் விழிப்பதில்லை. பிரெஞ்சு வழி படித்த தோழர்கள், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-போன்ட்டி 1945இல் எழுதிய, பழகிப்போய்க் கையின் நீட்சியாகிவிட்ட பார்வையற்றவரின் கைத்தடியை நினைவுபடுத்துவார்கள். அதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

அடுத்தது 'இருப்பு'. இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துகிறேன். 'எக்ஸிஸ்டென்ஷியா' (ஒன்று உள்ளது என்பதற்கான லத்தீன் சொல்) என்று தத்துவ மரபு சொன்னதை ஹைடெக்கர் ஃபோர்ஹாண்டன்ஹைட் என்று ஒதுக்குகிறார். 'எக்ஸிஸ்டென்ஸ்' என்பதை மனிதருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். இரண்டையும் 'இருப்பு' என்றால் ஒரு பக்கம்கூடப் புரியாது. நம்மிடமோ வேறுபாடு தயாராகவே கிடக்கிறது. தொல்காப்பியம் பெயர்ப் பயனிலையைப் பிரிக்கும்போது பொருண்மை சுட்டல் என்று தனியே வைக்கிறது. உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு 'ஆ உண்டு' (ஆ என்றால் பசு). 'ஆ கரிது', 'ஆ பல' என்பவை வேறு வகை. உண்டு, உளது என்பது பொருள் உள்ளது என்று மட்டும் சுட்டுகிறது. ஃபோர்ஹாண்டன்ஹைட்டுக்கு அந்த வேரிலிருந்து 'உளதாதல்' போதும். ('உண்மை' என்பதன் பழம்பொருளும் உளதாம் தன்மைதான், எதிர்ச்சொல் இன்மை. இன்று அது மெய் என்ற பொருளில் நின்றுவிட்டதால் தொட வேண்டாம்.)

'இரு' அப்படியில்லை. "எங்க இருக்கீங்க?" "கடலூர்ல இருக்கேன்." குடியிருக்கிறேன், வாழ்கிறேன் என்று பொருள். 12ஆம் பகுதியில் 'உள்ளே' என்பது பெட்டிக்குள் பொருள் கிடப்பதுபோல அல்ல, குடியிருப்பது, பழகியிருப்பது என்று ஹைடெக்கர் சொல்வேரைத் தோண்டித் தேடுகிறாரே, அது நமக்குத் தெருவில் கேட்கிற விசாரிப்பு. ஆகவே 'இருத்தல்' மனிதருக்கு, அதாவது எக்ஸிஸ்டென்ஸுக்கு. இந்தக் காரணத்தால்தான் 'கைவாகிருத்தல்' என்று நீட்டாமல் 'கைவாகு' என்று நிறுத்தினேன். அது ஊசிமேல் நாம் பூசிய குணம் அல்ல, ஊசி ஊசியாக உள்ள விதம் என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம்.

டாஸைன் என்பதை இப்போதைக்குப் பெயர்க்காமல் அப்படியே விடலாம். 1938இல் மொழிபெயர்ப்பாளர் கோர்பன் அதைப் பிரெஞ்சில் 'மனித எதார்த்தம்' என்று பெயர்த்தார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் 1943இல் அதையே எடுத்தாண்டார். 'அங்கே' என்று சுட்டும் 'டா' அதில் தொலைந்துபோயிற்று. ஆங்கிலக்காரர்கள் தொடாமல் விட்டது நல்லதே.

16ஆம் பகுதிக்கு மூன்று சொல் வேண்டும்: கருவி உடைந்தபோது, தேடும்போது காணாதபோது, வேலைக்குக் குறுக்கே கிடக்கும்போது அது நமக்குத் தென்படும் விதங்கள். உங்கள் வீட்டில், பட்டறையில் அந்த நேரத்தில் வாயில் வருவது என்ன என்று எழுதுங்கள். அகராதியை அப்புறம் புரட்டலாம். 15ஆம் பகுதியை 'கைவாகு' என்று திருத்தி வியாழனுக்குள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
முதுநகரிலிருந்து