ஸ்தானிஸ்வாவ் லெம்: இரண்டு இடங்களில் உங்கள் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். போலந்து அறிபுனை எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் (1921–2006) குறித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன்.

முதல் சிக்கல், நூல்களை எந்த வரிசையில் பேசுவது என்பது. கோள் முழுவதையும் மூடிக் கிடக்கும் பெருங்கடலொன்றைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தும் மனிதர்களால் புரிந்துகொள்ள முடியாமல் போவதைச் சொல்லும் ‘சோலாரிஸ்’ (1961) நாவலிலிருந்துதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். எனக்கோ 1964இல் வந்த ‘சும்மா டெக்னாலஜியே’ என்ற கட்டுரை நூலே அவருடைய சிந்தனையின் அடித்தளமாகத் தோன்றுகிறது. (இந்தச் ‘சும்மா’ நம்முடைய சும்மா அன்று, தொகை நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல்.) அதை முதலில் வைத்தால் வாசகர் களைத்துவிடுவாரா?

இரண்டாவதுதான் என்னைப் பல நாட்களாக அலைக்கழிக்கிறது. ‘சைபீரியாட்’ கதைகளில் ட்ரூர்ல் என்னும் பொறியாளர் கவிதை எழுதும் இயந்திரமொன்றைச் செய்கிறார். எல்லாச் சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்கும் கவிதை வேண்டும் என்று அதற்குச் சவால் விடப்படுகிறது. போலிஷ் மூலத்தில் அந்த எழுத்து ‘சி’ (C). ஆங்கிலத்தில் பெயர்த்த மைக்கேல் காண்டெல் எழுத்தை ‘எஸ்’ என்றும், கவிதையின் பொருளை முடிவெட்டுதல் என்றும் துணிந்து மாற்றிவிட்டார். இந்தக் கவிதையைத் தமிழில் பெயர்க்க ககர வரிசையை எடுப்பதா, சகரத்தை எடுப்பதா? காளமேகப் புலவர் தகர வரிசையிலேயே ஒரு பாடல் முழுவதையும் அமைத்த மொழியில் இது முடியாத காரியமன்று என்று நம்புகிறேன். மோனையில் தேர்ந்தவர்கள் ஓரிரு அடிகளாவது முயன்று காட்டினால், பெயர் குறிப்பிட்டுக் கட்டுரையில் சேர்த்துக்கொள்வேன்.