டிதர்: ‘நடுக்கம்’ வேண்டாம், ‘தூவிரைச்சல்’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் எண்ணிம ஒலிச் சொற்பட்டியலில் டிதருக்கு (dither) ‘நடுக்கம்’ என்று போட்டிருக்கிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் அந்தச் சொல் ஜிட்டருக்கு (jitter) வேண்டும். ஒலியலையை அளந்து மாதிரி எடுக்கும் நேரம் முன்பின்னாக ஆடுவதைத்தான் நடுக்கம் என்று சொல்ல முடியும். டிதர் நாமே அளந்து சேர்க்கும் இரைச்சல்.

இன்னொன்று, பிழையையும் இரைச்சலையும் பட்டியலில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறோம். குறுந்தட்டில் (சிடி) ஒவ்வொரு 24 பைட் ஒலித்தரவுக்கும் 8 பைட் சரிபார்ப்புத் தரவு சேர்கிறது. அதனால் 2 மில்லிமீட்டர் கீறல் விழுந்தாலும் பிட்டுகள் அப்படியே மீண்டுவிடும். ஒலியில் துளி மாற்றமும் இராது. கீறல் பெரிதானால் பக்கத்து மாதிரிகளை வைத்துக் கருவி இட்டு நிரப்பும். அதுவும் கைகொடுக்காவிட்டால் ஒலி விட்டு விட்டு வரும். இது பிழை. 16 பிட்டில் இருக்கும் 65,536 படிகளில் ஏதாவது ஒன்றுக்கு அலையைத் தள்ளும்போது விடுபடும் மிச்சம், அதாவது நாம் இரைச்சல் என்று எழுதியது, வேறு. அதை எந்தத் திருத்தமும் மீட்காது.

நேற்று இரவு ஒரு தம்புரா ஒலிப்பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 8 பிட்டாக மாற்றிக் கேட்டேன். 256 படிகள்தான் என்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிதர் இல்லாமல், கடைசி மீட்டு தேயத் தேயக் கரகரப்பு ஏறி, கத்தரித்த மாதிரி சட்டென்று நின்றது. டிதரோடு, அடியில் ‘உஸ்’ என்று ஒரே சீரான இரைச்சல். அதற்குள்ளே தந்தியின் நாதம் மெல்ல மெல்ல அடங்குவது கடைசிவரை காதில் விழுந்தது. மூன்று முறை திரும்பக் கேட்டேன், அவ்வளவு அழகு! இரைச்சல் தூவியதும் மிச்சம் அலையோடு ஒட்டாமல் சிதறிவிடுகிறது. விதை தூவுகிறோம், உப்புத் தூவுகிறோம்; அதுபோல ‘தூவிரைச்சல்’ எனலாமா?

---

ஐயா, பொருள் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ‘தூவு’ குற்றியலுகரம் இல்லையே, உகரம் எப்படிக் கெடும்? ‘தூவுமிரைச்சல்’ என்றால் சிக்கல் இல்லை.

---

நல்ல கேள்வி. முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூலே இடம் தருகிறது. கதவு + அடைப்பு ‘கதவடைப்பு’ ஆகவில்லையா? ‘தூவுமிரைச்சல்’ பெயரெச்சத் தொடராகவே நிற்கிறது, கலைச்சொல்லாக இறுகவில்லை. வினையாக ‘தூவிரைச்சல் இடு’ என்றும் எழுதலாம்.

அப்புறம், அலையைப் படிகளுக்குத் தள்ளும் குவாண்டைசேஷனுக்கு ‘படியாக்கம்’, அதில் விடுபடுவதற்குப் ‘படியாக்க மிச்சம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். கணக்கில் அதைப் பிழை என்றே சொல்கிறார்கள், தெரியும். ஆனால் கீறலால் வரும் பிழையும் அதே பெயரில் இருந்தால் படிப்பவர் குழம்புவார். ‘மிச்சம்’ பற்றி மற்றவர்களும் சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியை மட்டும் திறந்தே வைக்கிறேன்.