பழைய மாசி பெர்குசன் 1035: ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, முழுவதும் பிரிக்க வேண்டுமா?

கண்டனூர் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். 1980-களின் இறுதியில் அப்பா வாங்கிய மாசி பெர்குசன் 1035 டிராக்டர் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். எங்களுடையது கண்மாய்ப் பாசனம் என்பதால், புரட்டாசியில் புழுதி உழவுக்கும், கண்மாய் பெருகிய பிறகு கேஜ் வீல் (சேற்றில் ஓடுவதற்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டித் தொளி கலக்குவதற்கும் இந்த வண்டியையே நம்பியிருக்கிறோம். இப்போது காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகையும், சூடேறிப் பாரம் இழுக்கும்போது நீலப் புகையும் வருகின்றன. பிரீதர் குழாயில் (எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளிவிடும் குழாய்) ஆயில் தெறிக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது, தூக்கி நிறுத்திய கலப்பை எஞ்சினை அணைத்ததும் மெல்ல இறங்கிவிடுகிறது. ஒரு பட்டறையில் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். மற்றொரு பட்டறையில் எஞ்சினை முழுவதும் இறக்க வேண்டும் என்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

புதுவயல் பட்டறைக்காரர்

வணக்கம் தம்பி. பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உள்ளன. காலை வெள்ளைப் புகைக்கு, டீசலைத் தூவும் நாசில் சரியாகத் தூவாததும் காரணமாகலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) குறைந்ததும் காரணமாகலாம், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்குவதும் காரணமாகலாம். ரேடியேட்டரில் தண்ணீர் அளவு குறைகிறதா, ஆயில் அளவுகோலில் பால் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எந்த சிலிண்டரைத் துண்டித்தும் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லையோ, கோளாறு அங்கேதான் இருக்கிறது. அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும் என்பதால் கையை அதன் நேரே கொண்டுபோகாதீர்கள். மூன்று நாசில்களையும் கழற்றி டெஸ்டிங் பெஞ்சில் பார்த்துவிடுவது எஞ்சினை இறக்குவதைவிடப் பலமடங்கு மலிவு.

ஆனால் நீலப் புகையும் பிரீதர் தள்ளுவதும் சேர்ந்திருப்பதால், நாசிலோடு முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் செம்மண் பூமியில் புழுதி உழவின்போது ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் குறைந்திருந்தால், அந்தத் தூசி முழுவதும் லைனரைத்தான் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்குழல்) தேய்க்கும். ஹெட்டைக் கழற்றியதும், மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும்படி விளிம்பு எழும்பியிருந்தால், அதில் புது ரிங்கைப் போடுவது பணத்தை வீணாக்கும் வேலை. வட்டம் கெட்ட லைனரில் எந்த ரிங்கும் சரியாகப் படியாது. லைனரை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும், மேலும் கீழும் போர் கேஜால் (உள்விட்டம் அளக்கும் கருவி) அளந்து, அந்த அளவுகளைத் தாளில் எழுதித் தரும் பட்டறையிடம் வேலையைக் கொடுங்கள். அளக்காமலேயே 'ரிங் போதும்' என்பவரையும் 'எல்லாவற்றையும் மாற்று' என்பவரையும் நான் ஒன்றாகத்தான் பார்ப்பேன்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கும் அப்படித்தான், அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். தேய்மானத்தைப் பொறுத்து 0.010, 0.020, 0.030 அங்குலம் என்ற படிகளில் கிரைண்டிங் செய்து, அதே அளவு பேரிங் போடலாம். கிராங்க் கிரைண்டிங்கை மதுரையிலோ திருச்சியிலோ செய்துகொள்வது நல்லது. பேரிங் செட்டைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே கிரைண்டிங்குக்குக் கொடுங்கள்.

திருமயம் வாசகர்

கிளட்ச் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது; எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் வண்டியின் முதுகெலும்பு. ஆகவே கிளட்சைப் பார்க்க வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். அவ்வாறு பிரிக்கும்போது, முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரு பக்கமும் மரக் கட்டை ஆப்பு அடிக்காவிட்டால், முன் அச்சு நடு முளையில் ஆடக்கூடியது என்பதால் எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

வழுக்கும் பிளேட்டில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சிம்ப்சன் போல, பிரிட்டனின் பெர்க்கின்ஸ் நிறுவன வடிவமைப்பில் வந்த பழைய எஞ்சின்களில், கிராங்கின் பின்பக்க சீல் கயிறு வகையைச் சேர்ந்தது. அது தளர்ந்து ஆயில் கசிந்தால், புதுப் பிளேட்டும் சில மாதங்களில் வழுக்கத் தொடங்கும். எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள் என்பதால் சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் ஆகியவற்றையும் உடன் மாற்றிவிடுங்கள்.

கண்டனூர் விவசாயி

மிக்க நன்றி. ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில், அண்ணன் சொன்னபடி நகம் நன்றாகவே தட்டுகிறது. ஆகவே லைனர், பிஸ்டன் எல்லாம் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டோம். கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் வேலையையும் இப்போதே சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

புதுவயல் பட்டறைக்காரர்

லிஃப்டுக்காக வண்டியைப் பிரிக்கத் தேவையில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் லிஃப்ட் கவரை மேலிருந்தே தூக்கிவிடலாம். எஞ்சின் ஓடும்போது தூக்கிய கலப்பை விட்டுவிட்டு மேலும் கீழும் துள்ளுகிறது என்றால், எங்கோ கசியும் ஆயிலைப் பம்ப் மறுபடி மறுபடி நிரப்புகிறது என்று பொருள். அணைத்ததும் இறங்குவதும் அதே கசிவுதான். லிஃப்ட் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் சீலையும் ரிங்கையும் முதலில் பாருங்கள், பிறகு கண்ட்ரோல் வால்வைப் பாருங்கள். பாரத்தைத் தூக்கவே இல்லை என்றால்தான் பம்பின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த வண்டியில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான். தொளியில் ஓடும் வண்டிகளில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து அந்த ஆயில் வெளுத்துப்போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உங்களுடையதும் வெளுத்திருந்தால் முழுவதும் வடித்து, வடிகட்டியைக் கழுவிய பிறகு புது ஆயில் ஊற்றுங்கள்.

எஞ்சினைக் கட்டி முடித்ததும் வெறுமனே நெடுநேரம் ஓடவிடாதீர்கள். பாரமில்லாமல் ஓடினால் ரிங் படியாமல் லைனர் பளபளப்பேறிவிடும். முதலில் லேசான உழவுக்கும் டிரெய்லருக்கும் பூட்டுங்கள். 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியையும் சரிபாருங்கள். தொளி வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இந்த மணி நேரத்தை ஓட்டி முடிக்க வேண்டுமென்றால், கிராங்கை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.